சொல் கேட்ட சோறு

எருக்கம்பேட்டையில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனால், முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதைக்கு, இரண்டாவது வேண்டாம் கூச்சத்துக்கு, மூன்றாவது வேண்டாம் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கட்டும் என்பதற்கு, அதற்கப்புறம்தான் இலை. அந்த ஊரில் மிளகாய் வத்தல் வியாபாரம் தொடங்கிய நாளிலிருந்து இப்படித்தான் நடந்துவந்தது, வேணும் என்று வாய்விட்டுச் சொல்லி யாரும் யார் வீட்டிலும் சாப்பிட்டதில்லை, வேண்டாம் என்று சொன்னதால் எந்த விருந்தாளியும் பட்டினியாகத் திரும்பியதும் இல்லை. அந்த ஊருக்குத்தான் வத்தல் வியாபாரி தங்கமாரியின் மருமகன், அமெரிக்காவில் அயோவா என்னும் சோளக்காட்டு மாநிலத்தைச் சேர்ந்த வாரன், மனைவி அனுசுயாவோடு முதல் தடவையாக வந்து இறங்கினான். கம்ப்யூட்டர் வேலையை எங்கிருந்தும் பார்க்கலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டதால், அவன் ஊரில் சோள அறுவடை முடிந்ததிலிருந்து அடுத்த விதைப்பு வரைக்கும் மாமனார் வீட்டு மாடியிலேயே இருப்பதாக ஏற்பாடு.

நல்ல பையன். யாரைப் பார்த்தாலும் சிரிப்பான். தெருவில் எதிரே வருகிறவர்களை எல்லாம், கற்றுக்கொண்டு வந்த தமிழில் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, அவன் ஊர் வழக்கப்படி, பதிலுக்கு நிற்காமல் நடந்துவிடுவான். கீரை விற்கிற அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, பித்தப்பையில் கல் இருப்பதையும், அதை எடுக்க மூத்த மகன் வருகிறேன் வருகிறேன் என்று வராமல் இருப்பதையும், தெரு முக்குவரைக்கும் அவன் பின்னாலேயே ஓடிச் சொல்லி முடித்தாள். அவளுக்குப் பின்னால் டெய்லர், டெய்லருக்குப் பின்னால் மூட்டுவலிக்காரர் ஒருவர். வாரன் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு, தான் கேட்டதற்கு இந்த மக்கள் பதில் சொல்கிறார்கள் என்று மனைவியிடம் கலக்கத்தோடு முறையிட்டான்.

மாப்பிள்ளை விருந்து அன்று நடந்தது இதைவிடப் பெரிது. வாரனுடைய அம்மா அவனுக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே சாப்பாட்டு ஒழுக்கம், தட்டில் வைத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்பது. மிச்சம் வைத்தால் சமைத்தவளை அவமதித்ததாக அர்த்தம். அவனுடைய மாமியார் ஜெயக்கொடிக்கு அவளுடைய அம்மா சொல்லிக் கொடுத்தது, மாப்பிள்ளை இலையில் வெறும் இடம் தெரியக் கூடாது என்பது. தெரிந்தால் பெண் வீட்டாரின் கை வறண்டது என்று அர்த்தம். அவன் காலி செய்தான், அவள் நிரப்பினாள், அவள் நிரப்பினாள் என்பதால் அவன் காலி செய்தான், அவன் காலி செய்தான் என்பதால் அவள் நிரப்பினாள். இரண்டு நாட்டு அம்மாக்களும் சேர்ந்து அந்தப் பையனை நடுவில் வைத்து நசுக்கினார்கள். எண்ணெயில் மினுங்கிய கோழி வறுவல், ஆட்டுக்கால், முட்டைக்குழம்பு, அதற்கு மேல் சீரணி மிட்டாய் என்று எல்லாம் போனபின், முகம் வத்தல் நிறத்துக்கு வந்து அவன் சாய்ந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, இவரை யாராவது கட்டிப் போட்டு ஊட்டினார்களா என்று கேட்டார். ஜெயக்கொடி, மாப்பிள்ளை நல்ல சாப்பாட்டுக்காரர் என்று பெருமையாகச் சொன்னாள்.

கட்டிலின் இந்தப் பக்கம் அம்மாவுக்கும் அந்தப் பக்கம் புருஷனுக்கும் அனுசுயா விளக்கம் சொன்னாள். அமெரிக்காவில் ஒரு தடவைதான் கேட்பார்கள், வேண்டாம் என்றால் பாத்திரத்தை மூடிவிடுவார்கள் என்று அம்மாவிடம் சொன்னபோது, ஜெயக்கொடிக்கு அந்த நாட்டின் மேல் பெரிய இரக்கம் உண்டாயிற்று. "ஒருக்கா கேட்டா அது கேக்கறதாம்மா? அது பேச்சுக்குச் சொல்றது" என்றாள். வாரனிடம் முதல் வேண்டாம், இரண்டாம் வேண்டாம், மூன்றாம் வேண்டாம் என்று அனுசுயா பிரித்துச் சொன்னபோது, அவன் கவனமாகக் கேட்டுவிட்டு, உண்மையாகவே வேண்டாம் என்றால் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டான். அவள் யோசித்துப் பார்த்தாள். அதற்கு அந்த ஊரில் சொல் இல்லை. இருந்ததை வைத்துச் சமாளிக்கட்டும் என்று வேண்டாம் என்ற சொல்லையே கற்றுக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் மதியம், ரசத்துக்குச் சோறு போட ஜெயக்கொடி அகப்பையைச் சாய்த்தபோது, வாரன் மாமியாரின் முகத்தை நேராகப் பார்த்து, "வேண்டாம்" என்றான். அகப்பையிலிருந்து விழுந்த சோறு பாதி வழியில் நின்றது. கொஞ்ச நேரம் வெள்ளையாக அந்தரத்தில் குவிந்திருந்துவிட்டு, வந்த வழியே திரும்பி, பானைக்குள் போய் அமர்ந்தது. ஜெயக்கொடி பானையை எட்டிப் பார்த்தாள். புது அரிசி, அப்படித்தான் இருக்கும் என்றாள். ரசத்தை ஊற்றினாள், அவன் மறுபடி வேண்டாம் என்றான், ரசமும் கோடு போட்டதுபோல் எழும்பிச் சட்டிக்குத் திரும்பியது, பின்தங்கிவிட்ட ஒரு கடுகு மட்டும் கடைசியில் தனியாகப் போய்ச் சேர்ந்தது. தங்கமாரி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, ரசத்தில் புளி கூடிவிட்டால் இப்படி ஆகும் என்று தன் கருத்தைச் சொன்னார். ஜெயக்கொடிக்கு இருந்த மனக்கஷ்டம் ஒன்றே ஒன்றுதான்: தான் வடித்த சோறு தன் பேச்சைக் கேட்காமல், நேற்று வந்த மாப்பிள்ளையின் பேச்சைக் கேட்டுவிட்டது.

ஏன் நடந்தது என்று ஊரில் பெரிதாக யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. டீக்கடையில் ஒருவர் மட்டும், எருக்கம்பேட்டையில் அந்தச் சொல்லை அதன் அர்த்தத்துக்காகவே சொன்ன முதல் ஆள் அந்த வெள்ளைக்காரப் பையன்தான், சொல்லுக்கு ருசி கண்டுவிட்டது, இனிமேல் அது பழைய வேலைக்குத் திரும்பாது என்றார். அவர் சொன்னதுதான் நடந்தது.

முதலில் மாட்டியது தங்கமாரியின் அக்காள் செல்லக்கனி. தம்பி வீட்டுக்குக் காபி நேரம் பார்த்து வருவதும், வந்ததும் இப்போதுதான் குடித்தேன், ஒன்றும் வேண்டாம் என்பதும், பிறகு இரண்டு டம்ளர் குடிப்பதும் அவளுடைய வழக்கம். அன்றைக்கும் அப்படியே சொன்னாள். டம்ளரிலிருந்த காபி நுரையோடு எழுந்து, கூடத்தைத் தாண்டி, அடுப்பங்கரைக்குள் திரும்பிப் போயிற்று. செல்லக்கனி காலி டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்து, காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். போகிற வழியெல்லாம், தம்பி வீட்டில் தனக்கு ஒரு வாய் காபி தரவில்லை என்று சொல்லிக்கொண்டே போனாள். அவள் சொன்ன வீடுகளில் எல்லாம் அவளுக்கு ஏதாவது கொடுக்க வந்தார்கள், வேண்டாம் என்றாள், அங்கேயும் அது திரும்பிப் போயிற்று. காய்ச்சல் பரவுவதுபோல் அந்த வாரத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

மிக்சர் தட்டுகள் காலியாயின. பஜ்ஜி எண்ணெய்ச் சட்டிக்கே திரும்பியது. வாய் திறந்தால்தானே வம்பு என்று சிலர் தலையை மட்டும் ஆட்டினார்கள். எருக்கம்பேட்டைக்காரர்கள் தலையாட்டுவது ஆமாம் என்பதற்கா இல்லை என்பதற்கா என்று பெற்ற தாய்க்கே தெரியாது, பாயசத்துக்கு எப்படித் தெரியும்? ஒரு வளைகாப்பில் தலையாட்டியவர்களின் பாயசம் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல், முந்திரிப்பருப்போடு அவரவர் மூக்குக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் அதை விலக்கிவிட்டுக்கொண்டே வளையல் போட்டார்கள்.

வத்தல் வியாபாரிகள் சங்க மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். தலைவர் ஆவுடையப்பன் இது விஷயமாகப் பேச எழுவதற்கு முன், வழக்கப்படி காபியும் போண்டாவும் வந்தன, வழக்கப்படி எல்லோரும் வேண்டாம் என்றார்கள், போண்டாக்கள் வரிசையாகத் திரும்பிப் போயின. உஷாராக 'இருக்கட்டும்' என்று சொன்னவர்களின் போண்டா அங்கேயே இருந்தது. ஆனால் இலையோடு ஒட்டிக்கொண்டு, எடுக்க வரவில்லை. வறண்ட தொண்டையோடு, இனிமேல் வேண்டும் என்கிறவர் வேணும் என்றே சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். சொல்லிவிடலாம்தான், வாய் வரவில்லை. பெரிய பெரிய மண்டி முதலாளிகள், ஏலத்தில் எட்டு ஊருக்குக் கேட்கக் குரல் கொடுக்கிறவர்கள், அடுத்த வீட்டு இட்லிக்கு முன்னால் உட்கார்ந்து வே, வே என்று ஆடுபோல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியைப் பார்த்துப் பழகினார்கள். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தார்கள். மெதுவாக வாய் திரும்பியது.

அப்போதுதான் எருக்கம்பேட்டைக்கு இன்னொரு சேதி தெரியவந்தது. மூன்று தடவை உபசரித்தவர்கள் எல்லாம், எதிராளி மூன்று தடவை மறுப்பான் என்ற தைரியத்தில்தான் பாதிக்குமேல் உபசரித்திருந்தார்கள். இப்போது சாப்பிடுங்க என்றால் எதிராளி சரி என்று உட்கார்ந்துவிடுகிறான். இன்னும் கொஞ்சம் என்றால் கொஞ்சம் என்கிறான். இருந்துட்டுப் போங்களேன் என்றால் பையைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறான். செல்லக்கனி ஒரே காலையில் நான்கு வீடுகளில் வேணும் என்று சொல்லி நான்கு வீடுகளிலும் பொங்கல் சாப்பிட்டாள். மதியம் ஆனால் தெருவில் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. வருவதாக இருந்தால் முதலில் போன் பண்ணிவிட்டு வரவும் என்று ஆவுடையப்பனே வாசலில் பலகை மாட்டினார். சொந்த அண்ணன் வீட்டுக்குப் போவதற்கும் அமெரிக்காக்காரர்கள் போனில் நேரம் கேட்பார்கள் என்று அனுசுயா முன்பு சொன்னபோது, வயிறு வலிக்கச் சிரித்தவர் அவர்தான். விருந்தோம்பலுக்குப் பேர்போன எங்கள் ஊர் என்று மேடை கிடைத்தால் பேசுகிறவரும் அவர்தான். வாரனுக்கு மட்டும் மனம் குளிர்ந்தது. அமைதியான தெரு, சாத்திய கதவுகள், சொல்லிவிட்டு வரும் மனிதர்கள். அவன் தன் அம்மாவுக்குப் போன் போட்டு, இது அப்படியே நம் ஊர்போல இருக்கிறது என்று சொன்னான்.

சாப்பாட்டோடு நிற்கும் என்று நினைத்தவர்கள், முகூர்த்த மாதம் வந்ததும் வேறு ஒன்றைப் பார்த்தார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தகப்பனார் எல்லோரும் சொல்வதுபோல், "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், உங்க பிள்ளைக்கு நீங்க செய்யறதச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டுச் சீர்வரிசையை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். மறுநாள் காலையில், பித்தளை அண்டாவும் ஃபிரிட்ஜும் பீரோவும் கட்டிலும், தட்டுத் தட்டாக லட்டும் முறுக்கும் அதிரசமும், ஒன்றன்பின் ஒன்றாக மெயின் ரோட்டில் இடதுபுறமாகவே பெண் வீட்டுக்குத் திரும்பி நடந்தன. பஸ் டிரைவர் ஹாரன் அடித்ததும், ஃபிரிட்ஜ் ஒதுங்கி வழிவிட்டது. அடுத்த மாப்பிள்ளை வீட்டார் வேணும் என்று வாயால் சொல்ல வேண்டியதாயிற்று. மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால், படித்த மனிதர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு, வாஷிங் மெஷின் வேணும், பைக் வேணும் என்று முனகினார். பெண்ணைப் பெற்றவர்கள் இனி இந்த வழக்கம் ஒழிந்தது என்று நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். ஆனால் அந்த வெட்கம் இரண்டு முகூர்த்தத்துக்குத்தான் தாங்கியது; மூன்றாவது முகூர்த்தத்தில் மைக் வைத்துக் கேட்டார்கள்.

இப்படியாக ஊர் அந்த அற்புதத்தை ஒருவழியாகத் தின்று செரித்துக்கொண்டது. ஆண்களும் செல்லக்கனியும் வேணும் என்று சொல்லப் பழகிவிட்டார்கள், பிள்ளைகளுக்கு அது முன்பே வரும். பெண்கள் மெலிந்துகொண்டு வந்ததை மட்டும் யாரும் கவனிக்கவில்லை.

ஜெயக்கொடியும் மெலிந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் அவள். மீன் வாங்கினால் நடுத்துண்டு தங்கமாரிக்கு, அதற்கடுத்தது பிள்ளைக்கு, வந்தவர்களுக்கு. உனக்கு என்று யாராவது கேட்டால், எனக்கு வேண்டாம், எனக்கு மீனே பிடிக்காது என்பாள். எல்லோரும் எழுந்து போனபின், சட்டியில் ஒட்டியிருக்கும் குழம்பில் சோற்றைப் போட்டுப் பிசைந்து, அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்து, அந்தச் சட்டியிலேயே சாப்பிடுவாள். அந்த ஊர்ப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் சாப்பிட்டு வந்தார்கள். வேண்டாம் என்று வெளியே சொல்லிவிட்டு, உள்ளே வந்து சட்டியை வழித்தார்கள். இப்போது வேண்டாம் என்று சொன்னால் சொன்னதுதான். அவள் சட்டிக்குள் கை விட்டால் சோறு விலகி அடுத்த ஓரத்துக்குப் போனது. வழித்த குழம்பு விரலில் நிற்காமல் வழுக்கி இறங்கியது. பழைய சோற்றுப் பானையைத் திறந்தால், நீராகாரம் ஓரமாக ஒதுங்கி நின்றது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு மாலைப் பலகாரத்துக்கு மாவு பிசைந்தாள். வளையல் கழன்று விழத் தொடங்கியதும், உள்பக்கமாக நூல் சுற்றிப் போட்டுக்கொண்டாள்.

தங்கமாரி கேட்காமல் இல்லை. தினமும் கேட்டார். கை கழுவி, துண்டில் துடைத்து, ஒரு கால் செருப்பில் நுழைந்த பிறகு, வாசலைப் பார்த்தபடி, நீ சாப்ட்டியா என்று கேட்பார். அவள் எனக்குப் பசியில்லை, வேண்டாம் என்பாள். அவர் இன்னொரு காலையும் செருப்பில் நுழைத்துக்கொண்டு கடைக்குப் போவார். வாரனும் கேட்டான். அவன் செருப்பு போடாமல், கண்ணைப் பார்த்து, அத்தை, உங்களுக்கு என்று மரியாதையாகக் கேட்டான். அவள் வேண்டாம் என்றாள். அவன் நன்றி சொல்லிவிட்டு மிச்சத்தையும் தன் தட்டில் போட்டுக்கொண்டான்.

ஒரு காலையில் தோசைக்கல்லின் முன்னால் அவள் சரிந்து விழுந்தாள். அவள் விழுந்த சத்தத்தைவிடக் கல்லில் தோசை கருகிய வாசம்தான் முதலில் கூடத்துக்கு வந்தது. என்ன கருகுது என்று கேட்டபடி தங்கமாரி எட்டிப் பார்த்தார். அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். பெண்கள் வார்டில் கட்டில் இல்லாமல் தரையிலும் பாய் விரித்திருந்தார்கள்; கீரைக்கார அம்மாள் அங்கே படுத்திருந்தாள், ஆவுடையப்பனின் மனைவியும் படுத்திருந்தாள். எல்லோருக்கும் ஒரே வியாதி, வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். குளுகோஸ் மட்டும் தடையில்லாமல் உள்ளே இறங்கியது, ஏனென்றால் வேணுமா என்று அதை யாரும் கேட்டுவிட்டுப் போடவில்லை.

வராந்தாவில் தங்கமாரி துண்டைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார். அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியுமா என்று அனுசுயா அவரிடம் கேட்டாள். மீன் பிடிக்காது என்று சொன்னார்.

"நான் கேக்காம இல்லம்மா. தெனமும் கேக்கேன். அவதான் வேண்டாம்ங்கா."

வாரனும் அதையே சொன்னான். தானும் கேட்டதாகவும், அவர்கள் வேண்டாம் என்றதாகவும், வளர்ந்த மனுஷி ஒருத்தி எடுத்த முடிவைத் தான் மதித்ததாகவும் சொன்னான். அவன் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அதுதான் அனுசுயாவுக்குத் தாங்கவில்லை. அவள் இரண்டு பேரையும் பார்த்து, இரண்டு பேருக்கும் புரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"வாரன் ஊர்ல ஒருக்கா கேட்டுட்டு நம்பிருவாங்க. நம்ம ஊர்ல மூணு தடவ கேட்டாலும் நம்ப மாட்டாங்க, ஆனா அது விருந்தாளிக்கு. அம்மாவ ரெண்டாந்தடவ கேட்டது யாருப்பா?"

தங்கமாரி துண்டை மறுபடியும் தோள் மாற்றினார். வார்டுக்குள்ளிருந்து ஒரு புருஷன், சாப்பிடுதியா என்று பெண்டாட்டியிடம் கேட்பதும், வேண்டாம் என்று அவள் சொல்வதும், அவன் வாங்கிவந்த இட்லிப் பொட்டலம் ஜன்னல் வழியாகக் கடைக்குத் திரும்பிப் பறப்பதும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபின் அனுசுயா அம்மாவிடம் கெஞ்சினாள், திட்டினாள், வேணும் என்று ஒரு தடவை சொல்லச் சொன்னாள். ஊர் முதலாளிகள் எல்லாம் கண்ணாடி முன்னால் நின்று பழகிய சொல்தானே, நீயும் பழகு என்றாள். ஜெயக்கொடி கண்ணாடி முன்னால் நின்றாள். அவளுக்கு அதில் தெரிந்த பெண்ணிடம் எதைக் கேட்பது என்று விளங்கவில்லை. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று, யாருமில்லாத அறையில் அவள் பயந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடியிலிருந்து ஐஸ் பெட்டியில் சீலா மீன் வந்தது. அம்மாவை அடுப்பங்கரைக்குள் விடாமல் அனுசுயாவே குழம்பு வைத்தாள். மாங்காய் போட்டு, மிளகாயை அரைத்து ஊற்றி, மேலே எண்ணெய் பிரிந்து நிற்கும்படி இறக்கி, சட்டியை அப்படியே மேஜை நடுவில் கொண்டுவந்து வைத்தாள். தங்கமாரி உட்கார்ந்தார். வாரன் உட்கார்ந்தான். ஜெயக்கொடி வழக்கம்போல் சுவரை ஒட்டி நின்றாள்; அனுசுயா நாற்காலியை இழுத்து அவளையும் உட்கார வைத்து, முன்னால் ஒரு தட்டை வைத்தாள். அந்த மேஜையில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. உட்கார்ந்த உயரத்திலிருந்து தன் வீட்டுக் கூடம் எப்படி இருக்கிறது என்று அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவள் வேண்டாம் என்பாள், சொன்னால் எல்லாம் எழுந்து போய்விடும் என்ற பயத்தில், மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். குழம்பின் ஆவி அவள் முகத்தில் அடித்தது. அவள் சட்டியையே பார்த்தாள். ஆவியின் காரத்தில் இருமினாள், இருமலோடு இருமலாக அது வந்தது.

"எனக்கு நடுத்துண்டு வேணும்."

எல்லோரும் சட்டியைப் பார்த்தார்கள். இத்தனை மாதமாகச் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பறந்த சோறும் ரசமும் பார்த்துப் பழகிய கண்கள். நடுத்துண்டு தானாக எழுந்து, குழம்பு சொட்டச் சொட்டப் பறந்து, அவள் தட்டில் வந்து இறங்கும் என்று காத்திருந்தார்கள். மீன் அசையவில்லை. வேண்டாம் என்பதற்குத்தான் அந்த அற்புதம். வேணும் என்பதற்கு ஒரு கை நீள வேண்டியிருந்தது. அனுசுயாவின் கை கரண்டிக்குப் போயிற்று.

"நீ இரு," என்றாள் ஜெயக்கொடி. "அவரு போடட்டும்."

தங்கமாரி சுற்றிலும் பார்த்தார். கரண்டி எங்கே இருக்கிறது என்று கேட்டார். அது அவருக்கு நேர் எதிரே, சட்டிக்குள்தான் இருந்தது. அவர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, கரண்டியை மண்வெட்டி பிடிப்பதுபோல் பிடித்து, குழம்புக்குள் துழாவித் துழாவி நடுத்துண்டைத் தேடினார். அது எப்படி இருக்கும் என்பது சாப்பிட்ட வாய்க்குத் தெரியும், எடுக்கிற கைக்குத் தெரியவில்லை. கடைசியில் தூக்கினார். மேஜை விரிப்பில் ஒரு கோடு, அவள் சேலையில் ஒரு சொட்டு, மீன் தட்டில் விழுந்தது. அதை அவர் சரிசெய்யக் குனிந்தபோதுதான், அவளுடைய வளையலில் சுற்றியிருந்த நூலைப் பார்த்தார். நூலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இரண்டு விரல் போகிற இடைவெளி இருந்தது. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். அவள் முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் சாப்பிட்டாள். அவசரப்படாமல், பக்கம் பார்க்காமல், ஒவ்வொரு விள்ளலையும் குழம்பில் தோய்த்து, தோலையும் மிச்சம் விடாமல் சாப்பிட்டாள். தங்கமாரி நின்றுகொண்டே இருந்தார். போதுமா என்று கேட்டார்.

"போதாது."

அவர் போட்டார். மறுபடி கேட்டார். மறுபடியும் அவள் அதையே சொன்னாள். கடையிலிருந்து ஆள் வந்து, வத்தல் லாரி வந்து நிற்கிறது என்று வாசலிலிருந்து கூப்பிட்டான், நிற்கட்டும் என்றார். வாரன் தன் தட்டில் பாதி சாப்பிட்ட மீனோடு அசையாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு அவனும், யாரும் சொல்லாமலே, எழுந்து போய் அத்தைக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். வேணுமா என்று அவன் கேட்கவில்லை.

சட்டி காலியானது. ஜெயக்கொடி ஏப்பம் விட்டு, கை கழுவி, தட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, உள் அறைக்குப் போய் ஃபேனைப் போட்டுப் படுத்துக்கொண்டாள். மேஜையில் அந்தத் தட்டு இருந்தது. அவரவர் தட்டை அவரவரே கழுவுவதுதான் அமெரிக்க வழக்கம் என்று வாரன் மெல்லிய குரலில் சொன்னான், சொல்லிவிட்டு, தான் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் ஒரு தட்டையும் கழுவியதில்லை என்பது ஞாபகம் வந்து, நிறுத்திக்கொண்டான். தங்கமாரி தட்டைக் கையில் எடுத்தார். பின்கட்டுக்கு நடந்தார். குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சோப்பு எது, நார் எது என்று தடவிக் கண்டுபிடித்து, பெண்டாட்டி சாப்பிட்ட தட்டைத் தேய்க்கத் தொடங்கினார்.

பின்வீட்டு மாடியில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தவள் முதலில் பார்த்தாள். அவள் பக்கத்து மாடிக்குச் சைகை காட்டினாள், பக்கத்து மாடி அடுத்த மாடிக்குக் காட்டியது. சோறு பறந்தபோது ஏன் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதவர்கள், மூக்குக்கு நேரே பாயசம் தொங்கியபோது அதை விலக்கிவிட்டுக்கொண்டு வளையல் போட்டவர்கள், ரோட்டில் ஃபிரிட்ஜ் நடந்தபோது ஒதுங்கி வழிவிட்டவர்கள் எல்லோரும், கைப்பிடிச் சுவர்களில் சாய்ந்து, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, கண்ணை நம்பாமல் நின்று பார்த்தார்கள். செல்லக்கனி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, இப்படி ஒன்று உலகத்தில் எங்கேயும் நடந்ததாகக் கேட்டதில்லை என்றாள்.